கடற்கரைச் சாலையில் ஒரு கைத் தாளம்

நவம்பர் 29
புத்தூர் எலும்பு வைத்தியரிடம் போய்க் கைக்கட்டைப் பிரித்தாச்சு. எலும்பு கூடிவிட்டது. ஆனால் என் வீட்டுக்காரருக்கு வலது முழங்கை மடங்கவில்லை. விழுந்த வேகம் அப்படி. பகலில் தறி, சாயங்காலமானால் ஆர்கெஸ்ட்ராவில் ரிதம் பேட், அதான் குச்சியால் தட்டும் கரண்ட் டிரம். பைக்கிலிருந்து விழுந்ததோடு ரெண்டும் நின்றது.

டிசம்பர் 6
ஆர்கெஸ்ட்ரா நடத்தும் கிரண்குமார் வேறு ஆளைச் சேர்த்துவிட்டார். இவர் பேடைத் துணி போட்டு மூடினார்.

டிசம்பர் 13
தங்கச்சி ரேஷ்மா போன் பண்ணினாள். புதுச்சேரியில் ஓட்டல் வேலை அவளுக்கு. "மாமாவ இட்டுக்கினு வாக்கா. நாலு சுவத்தையே பாத்துக்கினு இருந்தா இன்னா ஆவறது?" அவர் வரமாட்டேன் என்றார். டிக்கெட் எடுத்தாச்சு என்று பொய் சொன்னேன். அப்புறம்தான் எடுத்தேன்.

டிசம்பர் 14, புதுச்சேரி
சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். ஊரே நடக்கிறது. மஞ்சள் சுவர் வைத்த பழைய வீடுகளெல்லாம் ஓவியக்கூடம், காபிக் கடை. ஒரு மாடியில் கிடார், எதிர்மாடியில் நாட்டியம். ஏணி மேல் நின்று ஒருத்தி சுவர் முழுக்க மீன் வரைந்துகொண்டிருந்தாள். சிவப்புத் தொப்பி போலீஸ்காரரும் நின்று பார்த்தார்.

கடலோரம் நாலைந்து பேர் பாடினார்கள். ஒரு பெண் மரப்பெட்டி மேல் உட்கார்ந்து அதையே தட்டி வாசித்தாள். இவர் கால் தானாகத் தாளம் போட்டது. அவள் கவனித்துவிட்டு எழுந்தாள்.

"வாசிங்கண்ணா."

"வலது கை வராதும்மா."

"இடது இருக்கில்ல?"

 நாலு பேர் முன்னாடி அவமானப்படவா இட்டுக்கினு வந்தேன்? ஆனால் அவர் உட்கார்ந்துவிட்டார். இடது கையால் தட்டி, குதிகாலால் உதைத்து... தடுமாறி நிறுத்தினார். அவர்கள் பாட்டை நிறுத்திக் காத்திருந்தார்கள். பரவாயில்லை என்றுகூட யாரும் சொல்லவில்லை. மறுபடி ஆரம்பித்தார். தாளத்தைப் பிடித்துவிட்டார்.

ஜனங்கள் கை தட்டினது பெரிசில்லை. அவர் கூட்டத்தில் என்னைத் தேடிச் சிரித்தார். எத்தனை நாளாச்சு.

டிசம்பர் 15
பஸ்ஸில் வழி முழுக்க முன்சீட்டைத் தட்டிக்கினே வந்தார். அதில் இருந்தவர் திரும்பி முறைத்தார். நான் தடுக்கவில்லை.

டிசம்பர் 22
தச்சர் செங்கல்வராயன் அண்ணனிடம் அதே மாதிரி ஒரு மரப்பெட்டி செய்யச் சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 17
கிரண்குமார் வீட்டுக்கே வந்தார். "திருப்பதியில ரிசப்ஷன். பேட் அந்தப் புது ஆளு பாத்துக்குவான். நீ பெட்டியோட வா."

"ஒரு பாட்டுக்கு நான் மட்டும் வாசிப்பேன். சரின்னா வர்றேன்."

மனுஷன் பேரம் பேசறார்!

அவருடைய கறுப்புச் சட்டையில் பட்டன்களைப் பிரித்துவிட்டு வெல்க்ரோ ஒட்டுப்பட்டை தைத்துக்கினு இருக்கேன். ஒரு கையாலேயே போட்டுக்கலாம்.