ஐம்பது ஓம் மூடி

நேற்று எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர்களை இணைத்திருந்த பழைய கம்பியை எல்லாம் பிடுங்கிப் போட்டார்கள். நீயும் நானும் கட்டி இழுத்த அதே கறுப்புக் கம்பிதான். இனிமேல் டெலிபோன் ஒயர் மாதிரி ஒன்று, நடுவில் எல்லாம் வந்து சேர ஒரு ஹப். ஒருத்தன் இணைப்பு கழன்றால் அவனுக்கு மட்டும்தான் போகும், ஆபீசுக்கே போகாது. குப்பைக்குப் போகிற அட்டைப்பெட்டியில் டெர்மினேட்டர்கள் கிடந்தன. கம்பியின் கடைசியில் திருகி மாட்டுவோமே, விரல்நுனி அளவு உலோக மூடி, அதுதான். ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். உலோக வாசனை விரலிலேயே ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை.

அதனால் எழுதுகிறேன். நீ இதைப் படிக்கப் போவதில்லை என்று தெரியும். செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை என்று உனக்கும் தெரியும். ஆனால் நீ கேட்ட ஒரு கேள்விக்கு இப்போதுதான் எனக்குப் பதில் கிடைத்திருக்கிறது. அதை வேறு யாரிடம் சொல்வது?

பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? அம்பத்தூர் மேனாம்பேட்டிலிருந்து நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆவடியில் உங்கள் குவார்ட்டர்சுக்கு வருவேன். நான் ஒரே முடிவாக இருந்தேன். நெட்வொர்க் சான்றிதழ், ஒரு பரீட்சை. எழுதி முடித்ததும் திரையிலேயே மார்க் வந்துவிடும். அந்த வேகம் எனக்குப் பிடித்திருந்தது. உனக்கோ எம்.சி.ஏ. சீட் கிடைத்திருந்தது. முழுநேரப் படிப்பு, மூன்று வருடம். ஆசைப்பட்டு எழுதி வாங்கின சீட்.

ஆனால் உன் அப்பாவுக்கு அடுத்த வருடம் ரிட்டயர்மென்ட். ரிட்டயர் ஆனால் ஃபேக்டரி குவார்ட்டர்சைக் காலி செய்ய வேண்டும். திருநின்றவூரில் வாங்கிப் போட்டிருந்த மனையில் நாலு மூலைக் கல்லைத் தவிர ஒன்றும் இல்லை. உன் சம்பளம் வந்தால்தான் அங்கே சுவர் எழும்பும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் கத்துவேன். "இன்னாடா இது, டிகிரி மேல டிகிரி வாங்கி ஊட்டு செவுத்துல மாட்டப் போறியா? செவுரே இல்ல உனுக்கு!"

உள்ளேயிருந்து உன் அப்பா குரல் கொடுப்பார். "தம்பி, எங்க ஷாப்புல வேலை தெரிஞ்சவன் முப்பது வருசமா நிக்கிறான். நேத்து வந்த டிகிரிக்காரன் ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கான். எம்மவன் உக்காரட்டும். வீட்டை நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று அவருக்கும் தெரியாது. உனக்கும் தெரியும், அவருக்குத் தெரியாதென்று. நீ உள்ளே போய் எனக்கு டீ கொண்டுவருவாய்.

உன் கம்ப்யூட்டர் ஒன்று, நான் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்த என் மெஷின் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்தால் பரீட்சைக்குப் போதும் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரே மேசையில இருந்தா அது நெட்வொர்க் இல்ல மச்சான், குடித்தனம்" என்றாய். எதிர் பிளாக் மாடியில் இருந்த அத்தையிடம் கெஞ்சி, அவர்கள் வீட்டுத் தையல் மெஷின் மேல் என் கம்ப்யூட்டரை ஏற்றினோம். இரண்டு மாடிகளுக்கும் நடுவில் கம்பியை இழுத்துக் கட்டினோம். இரண்டு கடைசியிலும் டெர்மினேட்டர். என் திரையிலிருந்து உன் திரைக்கு முதல் வரி போனபோது நீ ஜன்னல் வழியாகத் துண்டை ஆட்டியது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அப்போதுதான் ஆரம்பித்தாய். "டெர்மினேட்டர் இல்லன்னா சிக்னல் கடைசியில மோதித் திரும்பி வரும். சரி. அம்பது ஓம் மூடி போட்டா மட்டும் ஏன் வரல?"

"ஆப்ஷன் பி. டிக் அட்சிட்டு போய்க்கினே இரு."

"பி-ன்னு தெரியும்டா. ஏன்?"

இதுதான் நீ.

ஒரு நாள் காலையில் இணைப்பு செத்துவிட்டது. நான் எதிர் மாடியில் உட்கார்ந்து செட்டிங்கை மாற்றினேன், கார்டைக் கழற்றி மாட்டினேன், கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்ற ஆரம்பித்தேன். நீ ஜன்னலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். "மச்சான், தலையைத் தூக்கி வெளிய பாரு."

நம் கம்பியில் வரிசையாக உன் அம்மா துவைத்துப் போட்ட துணி. உன் அப்பாவின் காக்கி யூனிஃபார்ம், புடவை, உன் லுங்கி. ஈர பாரத்தில் கம்பி தொய்ந்து, முனை பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது.

"அம்மா, அது கொடி இல்லம்மா, நெட்வொர்க்கு!" என்று நான் எதிர் மாடியிலிருந்து கூவினேன்.

"புள்ளைங்க எனக்குன்னு கட்டுனீங்கன்னு நெனச்சேன். துணி காயப்போட இங்க எடம் ஏது?"

நான் ஓடி வந்து துணியை எடுக்கப் போனேன். நீ கையைப் பிடித்தாய். "காயட்டும்டா." ஈரத் துணி காய்வதற்காக ஒரு நெட்வொர்க் காத்திருந்தது உலகத்திலேயே அங்கேதான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். நீயும் உட்கார்ந்தாய். எம்.சி.ஏ.வில் சேர அந்த வாரம்தான் கடைசி. நான் அதைப் பற்றிப் பேச வாயெடுத்தேன், நீ வேண்டாம் என்று தலையசைத்தாய்.

வெயில் ஏறினதும் அம்மா வந்து துணியைத் தடவிப் பார்த்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டே, நம்மிடம் இல்லை, தனக்குத்தானே சொன்னார்கள். "திருநின்றவூர்ல வாசல் பூரா கொடி கட்டிக்குவேன். யார் கம்பியும் வேணாம்."

அவர்கள் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய்: "பரீட்சைக்கு ரெண்டு பேருக்குமா பேர் குடுத்துரு மச்சான்."

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து உன் முதுகில் தட்டினேன். நீ சிரித்தாய். "எம்.சி.ஏ.வ விடல. தபால்ல படிப்பேன். ஞாயித்துக்கெழம கிளாஸ்."

சொன்னபடி செய்தாய். பாஸ் பண்ணினோம், வேலைக்குப் போனோம். திருநின்றவூரில் சுவர் எழும்பியது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தபோது வாசலில் முதலில் கண்ணில் பட்டது கொடிதான். அதில் காக்கி யூனிஃபார்ம் இல்லை. அப்பா வேட்டியில் இருந்தார். வேலைக்குப் போகிற ரயிலில் எல்லாரும் சீட்டாடும்போது நீ மட்டும் எம்.சி.ஏ. பாடத்தைப் பிரித்து வைத்திருப்பாய். "இன்னாத்துக்குடா இன்னும்?" என்று கேட்டால், "இன்னும் 'ஏன்' வரலடா" என்பாய். கடைசி வருடப் பரீட்சைக்கு முன்னால் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

என் சான்றிதழ் இப்போது பழையதாகிவிட்டது. கம்பி மாறிவிட்டதல்லவா, புதிதாகப் பரீட்சை எழுத வேண்டுமாம். எழுதுவேன், அது சோறு போடுகிறது. ஆனால் போன வருடம் நான் இன்னொரு காரியமும் செய்தேன். சிரிக்காதே. தபால் எம்.சி.ஏ.வில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை கிளாஸில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சென்ற வாரம் நெட்வொர்க் பாடம் எடுத்தவர் போர்டில் ஒரு கம்பி வரைந்தார், முனையில் ஒரு மூடி. நான் கையைத் தூக்கினேன். "சார், ஏன் அம்பது?" அவர் சொன்னார்: கம்பியின் இயல்பே ஐம்பது ஓம்தான். முனையிலும் அதே ஐம்பது இருந்தால், சிக்னலைப் பொறுத்தவரை கம்பி முடிவதே இல்லை. முடிவில்லாத கம்பியில் போகிற மாதிரியே அது போய்விடும். திரும்பி வர அதற்குக் காரணம் இல்லை.

அவ்வளவுதான்டா.

கிளாஸ் முடிந்து ரயிலேறியவன் அம்பத்தூரில் இறங்காமல் திருநின்றவூர் வரை போனேன். உன் அம்மா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். "என்னப்பா திடீர்னு?" என்றார்கள். பாதித் துணியை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

நேற்று எடுத்த மூடியைச் சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கிளாசுக்கு அதோடுதான் போகப் போகிறேன்.