திரும்பிப் பார்க்கும் டயர்

ஏங்க,

கனவுல மலைச்சரிவு முழுக்க மேகம். என் சைக்கிள் உருளாம மிதந்துச்சு. முழிச்சா, நேத்து நீங்க கத்தினதுதான் காதுல: “பின்னால ஸ்பிரிங் இல்லாத சைக்கிள்ல மலையிறங்குற பந்தயமா? இடுப்பு ஒடிஞ்சா என்கிட்ட வராதே!”

நீங்க தூங்கிட்டிருந்தீங்க. முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுச் சொல்லாமலே கிளம்பினேன். வாசல்ல உங்க சைக்கிள் பின் டயர் இல்லாம மொட்டையா நிக்குது. தேஞ்சுபோன என் டயரைக் கழட்டிட்டு, உங்க டயரை என் சைக்கிளுக்கு மாட்டியிருக்கீங்க! வேலைக்கு பஸ்ல போவீங்களோ?

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துடுங்க.

பி.கு.: டயரைத் திசை மாத்தி மாட்டிட்டீங்க. உருளுற திசைக்காக டயர்ல போட்டிருக்கிற அம்புக்குறி, முன்னால காட்டவேண்டியது பின்னால காட்டுது. ஓட்டிப் பாத்தேன், நல்லாத்தான் ஓடுது. மாத்தலை. நான் எவ்வளவு வேகமா இறங்கினாலும் அது வீட்டையே காட்டட்டும்.