தொப்பி இல்லாத முகம்

அன்பு மகளுக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நாங்களும் சுகம்தான், அம்மாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. போனில் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று, அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய நீள லென்ஸோடு போன மாதம் பூங்காவில் நடந்த இசை விழாவுக்குப் போனேன். பீரங்கியைத் தூக்கிக்கிட்டு யார் மேல படையெடுக்கப் போறீங்க என்று அம்மா கிண்டல் செய்தாள். ஒலிபெருக்கிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தங்களை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தவர்களாகத் தேடித் தேடி எடுத்தேன். தூரத்து மரத்தடியில் ஒரு பெண், தலையில் கட்டிய துணியை அவிழ்த்து மடியில் வைத்துவிட்டு, கண்ணை மூடி, முடியில்லாத தலையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு. அப்படி ஒரு படம் எனக்கு அதுவரை அமைந்ததில்லை. விழாக் குழுவினர் கேட்டதும் கொடுத்துவிட்டேன், அவர்கள் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி நூலக வாசலில் மாட்டினார்கள்.

பிறகுதான் தெரிந்தது, அது நம் தெருமுனை பேக்கரிக்காரி. தினமும் அவள் கையால் ரொட்டி வாங்குகிறவன் நான், ஆனால் வெள்ளைத் தொப்பி இல்லாமல் அவளைப் பார்த்ததே இல்லை, அதனால் அடையாளம் தெரியவில்லை. பத்திரிகையில் இருந்தவரை, ஒருவரைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் பெயர் கேட்டு, எழுதியதைப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்காமல் அச்சுக்கு அனுப்பியதில்லை. இந்த லென்ஸில் கிட்டே போக வேண்டியிருக்கவில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

அவளுக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏறுகிறதாம். கூடப் பிறந்த தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. தங்கை நிறைமாதக் கர்ப்பிணி, முன்பு ஒரு கரு கலைந்திருக்கிறது, பிள்ளை பிறக்கட்டும் என்று இவள் காத்திருந்தாள். புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போன தங்கை அந்தப் படத்துக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள், ஆனால் அவளுடைய ரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை.

கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. படம் நல்லாத்தான் இருக்கு சார், ஆனா இப்ப அவ தினமும் வந்து என் மூஞ்சியையே பாத்து அழறா, நான் மருந்து ஏத்திக்கிட்டு வந்து படுக்கணுமா, இல்ல அவளைத் தேத்தணுமா, இதுக்குப் பயந்துதானே சொல்லாம வச்சிருந்தேன் என்றாள். சொல்லிவிட்டு ரொட்டியைப் பையில் போட்டு நீட்டினாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

நூலகத்துப் படத்தை நானே நின்று இறக்கினேன். உனக்கு நான் அனுப்பி, நீ உன் முகநூல் பக்கத்தில் போட்டிருந்ததையும் எடுத்துவிடு என்று செய்தி அனுப்பியதற்கு, என்னப்பா புதுசா வெட்கம் என்று கேட்டிருந்தாய். வெட்கம்தான், இதுதான் காரணம். யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களையும் அழிக்கச் சொல், மறந்துவிடாதே.

உனக்கு ஒரு குறையும் வராமல் நீ நெடுநாள் வாழ வேண்டும். உடம்புக்கு ஏதாவது என்றால் உடனே எங்களிடம் சொல்லிவிடு என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அது உன் விஷயம் மகளே, உனக்கு எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல்.

என்றும் உன் நினைவாக,
அப்பா