உன் அலமாரிக்குப் பின்னால் ஒரு வாசல்

சதுக்கத்து வீடு,
நவம்பர் முதல் செவ்வாய்.

அன்பு மகள் வெந்துலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் நலம், உன் அம்மா நலம், வீடும் விழாமல் நலமாக நிற்கிறது. நியூசிலாந்தில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாகத் தூங்கி, மனசில் குறையில்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே காலையில் எதிர்வீடு தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். அங்கே இப்போது வெயில் ஆரம்பிக்கும் என்று உன் அம்மா தினமும் சொல்கிறாள், ஏதோ எங்கள் வெயிலை நீ மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போன மாதிரி. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ மூன்று சொல்வாய், நடுவில் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள். இது முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

கிறிஸ்துமஸுக்கு நீ வருவது சாமான் கட்டுவதற்காக. அம்மாவை லிஃப்ட் இருக்கிற அடுக்குமாடிக்கு மாற்றிவிட்டு, வீட்டை அந்த ஹோட்டல்காரரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று செப்டம்பரில் சொன்னாய். "அம்மாவ இன்னும் எவ்ளோ நாள் கீழயே போட்டு வெப்பீங்கப்பா? வித்துடுங்க" என்று நீ கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் யோசித்துப் பார்த்தால் நீ கேட்டதில் என்ன தப்பு? ஜனவரியில் நம் மாடிப்படியில் அவள் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து வந்த நாளிலிருந்து கீழ்க்கூடத்தில்தான் படுக்கை. கமான் கூரை போட்ட அந்தக் கூடம் மூட்டை இறக்குவதற்கும் வியாபாரம் பேசுவதற்கும் கட்டியது, மனுஷி படுப்பதற்கு அல்ல. அரசாங்கம் அதில் காய்கறிக் கடை நடத்திய காலத்து உருளைக்கிழங்கு வாசனை மழை பெய்தால் இன்னும் வருகிறது. வெளி வளைவுகளின் கீழ் நடக்கிறவர்கள் எல்லாம் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, எப்படி இருக்கீங்க ஸ்லாவ்கா அம்மா என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். "கடையில வெச்ச பூசணிக்கா மாதிரி கெடக்கேன், எவனாவது வெல கேக்கப்போறான்" என்று முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள். மாடி ஜன்னலைப் பற்றியும், அங்கே அவள் வைத்த செடிகளைப் பற்றியும் கேட்பதை நிறுத்திவிட்டாள். எனக்குப் பயம் வந்தது அதைப் பார்த்துத்தான். நம் படியோ ஏணிக்கு அண்ணன். மாற்றிக் கட்டலாமா என்றால் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு செங்கல்லைத் தொடக்கூடாது என்றார்கள். ஹோட்டல்காரர் கேக் வாங்கிக்கொண்டு வந்தார், புத்தாண்டுக்குள் பதில் சொல்லுங்கள் என்றார். கேக் நன்றாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. அனுமதி கிடைக்குமோ கிடைக்காதோ, பிள்ளைக்கு வீணாக ஆசை காட்ட வேண்டாம் என்று உன் அம்மா என் வாயைக் கட்டி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு ஓத்தகர் போன வருஷம் அக்டோபரில் இறந்தார் அல்லவா, கதை அங்கே ஆரம்பிக்கிறது. நம் இரண்டு கூரைகளுக்கும் நடுவே ஓடும் வாய்க்காலை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு குளிர்காலம் அவர்கள் பனி வாருவார்கள், மறு குளிர்காலம் நாம். நவம்பரில் மார்ட்டின் பண்டிகையன்று, கூரைக்கு ஏறுகிற பரண் சாவியை யார் வாங்கிக்கொள்கிறார்களோ அவர்கள் முறை, சாவியைக் கொடுப்பவர்கள் கூடவே வாத்துத் தொடையும் சிவப்பு முட்டைக்கோஸும் கொடுத்தனுப்ப வேண்டும். போன வருஷம் சாவி நம் ஆணியில் தொங்கியது, முறை அவர்களுடையது. கணவனைப் புதைத்து மூன்று வாரம்கூட ஆகாத போதானாவிடம் போய், இந்தாங்க சாவி, கூரை ஏறுங்க என்று எப்படி நீட்டுவேன்? நீட்டவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து யாராவது ஆள் அனுப்பிச் சாவி கேட்பார்கள் என்று இருந்தேன். அந்த அம்மாளோ, சாவி வரவில்லை, அப்படியென்றால் பக்கத்து வீட்டு ஹினெக்கே இந்த வருஷமும் பார்த்துக்கொள்வார், நாம் போய்க் கேட்டால் இரக்கம் தேடுகிற மாதிரி இருக்கும் என்று இருந்துவிட்டார். ஜனவரியில் நாங்கள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தோம், மேலே யார் பார்த்தது. பனி வாய்க்காலில் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, மார்ச்சில் உருகி, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்குள் இறங்கிவிட்டது.

போதானா குடையைப் பிடித்துக்கொண்டு நேராக நம் கூடத்துக்கு வந்தார். "ஹினெக் சார், என் சுவரெல்லாம் அழுவுது, வாய்க்கால் உங்க பொறுப்புல்ல?" என்றார். நான், "அம்மா, மொற உங்களுது, சாவிதான் எங்கிட்ட" என்றேன். உங்க முறை, உங்க முறை என்று நாங்கள் நாகரிகமாகச் சண்டை போட, கட்டிலில் இருந்து உன் அம்மா, "ரெண்டு பேரும் மரியாத பாத்துப் பாத்தே வீட்டக் கரைச்சுட்டீங்க. மொதல்ல மேல போய்ப் பாருங்க" என்று ஒரு அதட்டு அதட்டினாள். மேலே போனால், தண்ணீர் இறங்கியிருந்தது உன் அறையில். உன் அலமாரி ஊறி ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. அதை இழுத்ததுதான் தாமதம், பின்னால் இருந்த சிமெண்ட் பூச்சு ஆளுயரத்துக்குத் தொப்பென்று விழுந்தது. உன் பள்ளிக்கூடக் கோப்பைகளைக் காப்பாற்றிவிட்டேன், கவலைப்படாதே. புழுதி அடங்கியதும் பார்க்கிறேன், சுவருக்குள் ஒரு கல் நிலை. இரண்டு பக்கமும் கல், மேலே கூர்வளைவு, நடுவில் மெல்லிசாகச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறது. ஒரு செங்கல்லைத் தட்டினேன். உடனே அந்தப் பக்கத்திலிருந்து, "யாருப்பா அது, என் ஜாம் பாட்டிலெல்லாம் ஆடுது" என்று சத்தம். அவர்களுடைய சமையல் சாமான் அறைதான் அந்தப் பக்கம். இத்தனை காலம் உன் உடுப்புகளும் அவர்கள் ஜாமும் ஒரு வாசலில் முதுகோடு முதுகு ஒட்டி நின்றிருக்கின்றன.

நீ சின்னதாக இருக்கும்போது முகப்புச் சித்திரத்தைக் காட்டிக் கேட்பாயே, மான் நம் வீட்டில் ஓடுகிறது, நாய்கள் ஏன் பக்கத்து வீட்டில் இருக்கின்றன என்று. அப்போது உன் தாத்தா சொன்ன கதையைத்தான் நானும் சொன்னேன். ஒரே வீடாக இருந்தது, துணி வியாபாரி ஒருவருடைய இரண்டு மகன்கள் அடித்துக்கொண்டு பிரித்தார்கள், மூத்தவன் கல் வாசலையும் அகலப் படியையும் பிடுங்கிக்கொண்டான், இளையவனுக்குச் சாயம் தீட்டிய உத்திரமும் முன்ஜன்னலும் கிணறும் மட்டும்தான் மிச்சம், படிக்கு இடமில்லாமல் மூலையில் ஏணியைச் சொருகினான் என்று. தாத்தா இந்த வீட்டை வாங்கியபோது அந்தச் சண்டையையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார். அந்தச் சகோதரர்கள் நமக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆனாலும் நம் படியைத் திருடியவர்கள் என்றுதான் பக்கத்து வீட்டை நான் பார்த்து வளர்ந்தேன். அவர்களும் நம்மைக் கிணற்றுத் திருடர்கள் என்றுதான் நினைத்து வளர்ந்தார்களாம். அதை போதானா இப்போதுதான் சொல்கிறார்.

பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஷார்கா என்று ஒரு பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும், காலில் சேறு, கையில் டார்ச். வந்தவள் எங்களோடு பேசவே இல்லை, நேராகத் தரையில் முட்டி போட்டு அந்த நிலையின் அடிக்கல்லைத் துடைக்க ஆரம்பித்தாள். கல் நடுவில் தட்டு மாதிரி குழிந்து தேய்ந்திருந்தது. வீடு பிரிந்த பிறகு போட்ட இரண்டு வீட்டுத் தரைப்பலகைகளும் தனித்தனியாக அந்தப் பள்ளத்தின் விளிம்பில் வந்து முடிவதையும், அவற்றின் நுனியும் அதே மாதிரி தேய்ந்திருப்பதையும் காட்டினாள். வீடு பிரிந்த பிறகும் ரொம்பக் காலம் இந்த வாசல் திறந்துதான் இருந்திருக்கிறது, அடைத்த செங்கல் மிகவும் பிந்தியது என்றாள். போதானா குனிந்து அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். "சண்ட போட்டவங்க இவ்ளோ நடந்திருக்க மாட்டாங்களே" என்றார். அப்போது அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "என் படி தாழ்வா, அகலமா இருக்கு. ஸ்லாவ்கா அதுல ஏறட்டும். ஏறி இந்த வழியா உங்க வீட்டுக்குப் போகட்டும்" என்றார். எத்தனையோ மாதமாக நான் யோசித்தும் என் மண்டையில் உதிக்காத விஷயம். உதித்திருந்தாலும் நான் போய்க் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு.

புதுசாக ஓட்டை போட அனுமதி கிடையாது, இருந்த வாசலைத் திறப்பதற்குக் கேட்டுப் பார்க்கலாம் என்று ஷார்கா சொன்னாள். செங்கல் பாரம் தாங்குகிறதா என்று இஞ்சினியர் வந்தார், பிறகு யாரோ படம் பிடித்தார்கள், பிறகு யாருமே வரவில்லை. அந்தக் கோடைகாலம் எப்படிப் போனது என்று கேட்காதே. நீ விற்கச் சொன்ன அன்று அனுமதி இன்னும் வரவில்லை, கையெழுத்துப் போட ஹோட்டல்காரரின் பேனாவைக் கையில் வாங்கியும்விட்டேன். "நாளைக்குப் போடலாங்க" என்று உன் அம்மாதான் தடுத்தாள். போன மாதம் அனுமதி வந்தது. கொத்தனார் வந்து மெதுவாக ஒவ்வொரு செங்கல்லாக எடுத்தார், ஜாம் பாட்டில்கள் எல்லாம் இப்போது நம் சமையலறையில் அகதிகளாக இருக்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா ஏறினாள். போதானா வாசலில் கல் இருக்கைகளைத் துடைத்து, படித்திருப்பத்தில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். அந்தப் படி, துணிப்பொதியைத் தோளில் வைத்து ஏறுவதற்காகக் கட்டியது, ஒவ்வொரு கல்லும் காலை ஏந்துகிற மாதிரி தாழ்வு. ஊன்றுகோல் ஒரு கையில், சுவர் ஒரு கையில். நான் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டி உறைபனியில் மலை இறங்கியவன், அன்றைக்கு ஒவ்வொரு கல்லாக எண்ணிக்கொண்டே ஏறினேன். "பின்னாடி ஏன் கோழி பிடிக்கிறவன் மாதிரி வர்றீங்க, தள்ளி வாங்க" என்று திட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். எழுந்தாள். சாமான் அறை வழியாக, அந்தத் தேய்ந்த கல்லைத் தாண்டி, உன் அறைக்குள் வந்தாள். உன் கட்டிலைத் தடவிப் பார்த்தாள். பிறகு முன்னறைக்குப் போய், சாயம் தீட்டிய உத்திரத்தின் கீழே, தன் ஜன்னல் பக்கத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். சதுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பி, "இந்தக் கண்ணாடிய நான் விழுந்ததுலருந்து ஒருத்தரும் தொடைக்கல, இல்ல?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது வெந்துலா. துணி எடுக்கிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டேன்.

அன்று மத்தியானம் மூன்று பேரும் ப்ளம் சாராயம் குடித்தோம். எங்களைவிட வயதில் மூத்தவர் என்பதால் போதானாவே கிளாஸை நீட்டி, இனி நீங்கள் வேண்டாம், நீ என்றே பேசிக்கொள்வோம் என்றார். இத்தனை வருஷம் கழித்து, யோசித்துப் பார். எனக்கு இன்னும் நாக்கு வரவில்லை, கடிதத்திலும் பார், வரவில்லை. உன் அம்மாவுக்கு அன்றே வந்துவிட்டது. ஒத்தைக்குச் சமைப்பது பிடிக்கவில்லை என்று போதானா இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுகிறார், வரும்போது ஓத்தகரின் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்தார், அது இங்கேயே இருக்கிறது. நேற்றுக் கொத்தனார் புதுக்கதவை மாட்டிவிட்டு, தாழ்ப்பாளை எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று கேட்டார். நான் அவர்கள் பக்கம் வை என்றேன், போதானா நம் பக்கம் வை என்றார். "மறுபடியும் ஆரம்பிச்சாச்சா" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. தாழ்ப்பாளே வைக்கவில்லை.

ஹோட்டல்காரருக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. அடுக்குமாடிக்காரர்களுக்கும் சொல்லிவிட்டேன். நீ டிக்கெட்டை மட்டும் ரத்து செய்துவிடாதே. அட்டைப்பெட்டி, ஒட்டுநாடா எதுவும் வாங்காதே, நல்ல கனமான பூட்ஸ் வாங்கிக்கொண்டு வா. வருகிற மார்ட்டின் பண்டிகையன்று சாவி யாருக்கு என்று பேசினோம். மூன்று பேருக்கும் கூரை ஏறுகிற வயசில்லை, சம்பளத்துக்கு ஆள் வைத்தாகிவிட்டது. ஆனால் கிறிஸ்துமஸ் வாரம் மட்டும் சாவி உன் பெயரில். உன் பங்கு வாத்துத் தொடையைக் குளிர்பெட்டியில் எடுத்து வைக்கிறோம், ஆகவே தப்பிக்க முடியாது. அங்கே கடல் பக்கம் காற்று அதிகமாமே, தொண்டையைச் சுற்றிக்கொள். ராத்திரி வேலையைக் குறைத்துக்கொள். நீ நிறைந்த ஆயுளோடு, நல்ல மனசோடு, நினைத்த காரியமெல்லாம் கைகூடி வாழ வேண்டும் என்று எங்கள் இரண்டு பேரின் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கும்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா,
ஹினெக்

வெந்துலா கண்ணு, அம்மா எழுதறேன். அப்பா அழுதது துணி எடுக்கப் போவதற்கு முன்னாடியே, என் எதிரிலேயே. கண்ணாடியை இப்போது நானே துடைத்துவிட்டேன். நீ பஸ்ஸை விட்டு இறங்கிச் சதுக்கத்தில் திரும்பும்போது, கீழே கூடத்தில் என்னைத் தேடாதே. மேலே பார்.