ஆறாவது டின்

குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டாலே உன்னை நினைத்துக்கொள்கிற தம்பி சின்னராசு, என் பிரியமுள்ள அக்கா பச்சியம்மாவுக்கு எழுதுவது.

நீ போய் எட்டு சித்திரை ஆகிவிட்டது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இருக்கிறவர்களுக்கே கடிதம் போடாத சோம்பேறி நான் என்பது உனக்குத் தெரியும். ஆனால் சோம்பலால் இல்லை அக்கா. உனக்கு எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எழுத வேண்டும். அதை எழுதத்தான் எனக்கு எட்டு வருஷம் தைரியம் வரவில்லை.

முதலில் நல்ல சேதி. யுத்தம் முடிந்துவிட்டது. நாலு வருஷம் பெட்ரோல் கிடைக்காமல் கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்திருந்த நம் வண்டி மறுபடியும் ஓடுகிறது. மச்சான் புது டயர் போட்டிருக்கிறார். நீ படுத்த பலகை, நீ அடுப்பு வைத்த தகரத் தட்டு, துணி காயப்போட நீ அடித்த ஆணி எல்லாம் அப்படியே இருக்கின்றன. டீ என்றால் மூஞ்சியைச் சுளித்த ஜனம் இப்போது டீக் கடை வாசலில் காத்து நிற்கிறது. "சும்மா குடுத்தாலும் வேணாங்க, பித்தம்" என்று உன் கையைத் தட்டிவிட்டுப் போன கம்பைநல்லூர்ப் பெரியவரை நினைவிருக்கிறதா? அவர் இப்போது ஒரு நாளைக்கு மூன்று தம்ளர் குடிக்கிறாராம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன் அக்கா, கோபித்துக்கொள்ளாதே. என் அக்கா புருஷன் முனுசாமி மச்சான் ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, பின்னால் படுக்கப் பலகை அடித்து, முன்னால் பித்தளை பாய்லர் வைத்தார். சேலத்துத் தேயிலை வியாபாரி ஒருவருக்காகச் சந்தை சந்தையாகப் போய் ஜனங்களுக்கு இலவசமாக டீ போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. பாலக்கோட்டிலிருந்து புறப்பட்டால் ஐந்தாறு நாள் வீடு திரும்ப மாட்டோம். சமைப்பது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் வண்டியில்தான். அக்கா அதை 'ரோட்டு வூடு' என்பாள். வண்டி மச்சானுடையது, கூட்டம் சேர்ப்பது என் வேலை, தண்ணீர் அக்காவின் ராஜ்யம்.

உன் கணக்கு எனக்கு மனப்பாடம். நாலு காலன் பிடிக்கிற மண்ணெண்ணெய் டின்னைக் காய்ச்சிக் கழுவி, வாயை வெட்டி மூடி போட்டு, ஆறு டின். மூன்று டீக்கு. ஒன்று நம் மூன்று பேர் வாய்க்கும் உலைக்கும். ஒன்று எஞ்சினுக்கு. எஞ்சினை நீ "அந்தக் குடிகாரன்" என்பாய். ஆறாவது டின் எதற்கு என்று கேட்டால் மட்டும் உனக்குக் கோபம் வரும்.

"அதுக்குப் பேரு கெடையாதுடா. பேரு வெச்சிட்டா செலவாயிடும்."

வெள்ளைத் துணியை நாலாக மடித்து வடிகட்டி ரொப்பிய டின்னுக்கு, வெற்றிலைச் சுண்ணாம்பை விரலால் தொட்டு மூடிக்குக் கீழே ஒரு பொட்டு வைப்பாய். பொட்டு இருந்தால் ரொப்பியது, இல்லையென்றால் காலி. நீ எண்ணுவது டின்னை அல்ல, பொட்டை.

கோடையில் எந்த ஊரிலும் நீ ஒரு சொம்புத் தண்ணீர் கேட்க விட்டதில்லை. "அவங்களே ஊத்துத் தோண்டி கொட்டாங்குச்சியில மொண்டுக்கிட்டு இருக்காங்க. டீ குடுக்க வந்தவங்க தண்ணி கேட்டு நிக்கறதா? மானம் போவும்டா" என்பாய். அதனால்தான் அவ்வளவு சுமை, அதனால்தான் கோடையில் மட்டும் அன்றன்றைக்கே வீடு திரும்புவோம். மேட்டில் வண்டி திணறும்போதெல்லாம் மச்சான் என்னைப் பார்ப்பார், நான் உன்னைப் பார்ப்பேன், நீ ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாய். ஆறாவது டின் ஒவ்வொரு தடவையும் திறக்காமலேயே வீடு வந்து சேரும். அதை அவரைப் பந்தலுக்கு ஊற்றுவாய். அவரைக்கு ஊற்றுகிற தண்ணீருக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறாயா என்று நான் கேலி செய்வேன்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம்.

ஏரியூர்ச் சந்தைக்குப் போன அந்தப் பங்குனியை நீ மறந்திருக்க மாட்டாய். நான் கிராமபோன் இரவல் வாங்கி வந்திருந்தேன். பெரிய குழாய் வைத்தது. ஏரியூர் ஜனம் பாட்டுப் பெட்டியைக் கண்ணால் பார்த்திருக்காது, நான் திறந்து வைத்தால் ஊரே திரளும் என்று எனக்கு ஒரே பீற்றல். உன்னிடம் கேட்டதற்கு, "எடம் இருந்தா வெச்சிக்க. என் டின்னு மேல மட்டும் கைய வெக்காத" என்றாய். முந்தின நாள் உனக்குக் காய்ச்சல். அந்த உடம்போடு ஆறு டின்னையும் ரொப்பி, பொட்டு வைத்து, ஏற்றச் சொல்லிவிட்டுப் படுத்தாய்.

இடம் இல்லை அக்கா. பெட்டி நுழைந்தால் குழாய் நுழையவில்லை. விடிந்ததும் விடியாததுமாக, நீ தலை வாரிக்கொண்டிருந்த நேரத்தில், பேர் இல்லாத டின்னை நான் இறக்கிவிட்டேன். வண்டி நிற்கிற கொட்டகைக்குப் பின்னால், சாக்கைப் போட்டு மூடி வைத்தேன். எப்படியும் திறக்காமல்தானே திரும்பி வரப்போகிறது, இங்கேயே இருந்தால் என்ன என்று தோன்றியது. அந்த இடத்தில் கிராமபோன் அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நான் நினைத்தபடியே ஊர் திரண்டது. மூன்று டின் டீ தீர்ந்த பிறகும் கூட்டம் கலையவில்லை. நான்தான் இசைத்தட்டு மேல் இசைத்தட்டாக மாற்றிக்கொண்டே இருந்தேன். கைக்குழந்தைக்காரி ஒருத்தி தம்ளரை நீட்டி நின்றபோது உனக்கு இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. நம் குடிதண்ணீர் டின்னையும் பாய்லரில் கவிழ்த்தாய். "போவுது, ஆறாவது இருக்குதுல்ல" என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். கிராமபோனுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பென்னாகரம் திரும்புகிற வழியில், உச்சி வெயிலில், ரேடியேட்டர் குழாய் வெடித்தது. மச்சான் துணி சுற்றிக் கட்டி, எஞ்சின் டின்னை ஊற்றினார். அவ்வளவும் ஒழுகிப் போயிற்று. நீ பலகைக்கு அடியில் குனிந்து கையை விட்டுத் துழாவினாய். கையில் தட்டுப்பட்டது கிராமபோன் பெட்டி.

"எங்கடா டின்னு?"

"அஞ்சுதாங்கா ஏத்தச் சொன்ன. எடம் காலியா இருந்துச்சு, அதான் பெட்டிய வெச்சேன்."

"ஆறு வெச்சனே..."

"காய்ச்சல்ல இருந்தல்ல. மறந்திருப்ப."

என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. யோசிக்கக்கூட இல்லை. நீ கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாய். சந்தேகம் என்மேல் அல்ல, உன்மேல். மச்சான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கூஜாவில் இரண்டு தம்ளர் இருந்தது. மச்சானுக்கு ஒன்று கொடுத்தாய், எனக்கு ஒன்று கொடுத்தாய். "நான் சந்தையிலயே குடிச்சிட்டேன்" என்றாய். நம்பிக் குடித்தேன். அப்புறம் நீ குடத்தையும் வடிகட்டும் துணியையும் எடுத்துக்கொண்டு, ஒரு மைல் தள்ளி இருந்த படிக்கிணற்றுக்கு நடந்தாய். நான் கூட வந்தேனா? இல்லை. வெயிலில் இசைத்தட்டுகள் வளைந்துபோயிருந்தன. புளியமரத்து நிழலில் உட்கார்ந்து, இரவல் கொடுத்தவனுக்கு என்ன பதில் சொல்வது என்று அழாக்குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ குடத்தோடு திரும்பி வந்தபோது உன் முகம் வெளுத்திருந்தது. வடிகட்டிய தண்ணீர், தூசி தும்பு இல்லாத தண்ணீர். எங்கள் இருவருக்கும்.

மச்சான் குழாயை மறுபடி இறுக்கிக் கட்டி, குடத்தில் மீந்ததை எஞ்சினுக்கு ஊற்றி, ஊர்ந்து ஊர்ந்து ஓட்டி வந்தார். பாலக்கோடு வந்ததும் நான் செய்ததைக் கேள். நீ இறங்குவதற்கு முன்னால் கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன். டின்னைக் கவிழ்த்தேன். நாலு காலன் நல்ல தண்ணீர் மண்ணில் போயிற்று. பிறகு உன் சுண்ணாம்புப் பொட்டைக் கட்டை விரலால் தேய்த்தேன். காய்ந்திருந்தது, சீக்கிரம் போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். மறுநாள் நீ பொட்டில்லாத டின்னைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆமாண்டா, இத ரொப்பவே இல்ல போலருக்குது" என்றாய். அந்த நேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாதது அக்கா. நிம்மதியாக இருந்தது.

அடுத்த கோடையில் உன் கணுக்காலில் கொப்புளம் வந்தது. உடைந்தபோது வெள்ளை நூல் தலை நீட்டிற்று. நரம்புச் சிலந்தி என்கிற புழு. ஈர்க்குச்சியில் சுற்றி நாளுக்கு விரற்கடை இழுத்துக்கொண்டிருந்தாய். பாதியில் அது அறுந்துபோனது. கால் வீங்கி, காய்ச்சல் கண்டு, தருமபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

டாக்டர் கேட்டார், "போன வருஷம் இந்தம்மா எந்தக் கெணத்துல எறங்கித் தண்ணி குடிச்சாங்க?" மச்சான் விழித்தார். கால் புண்ணோடு ஆட்கள் இறங்குகிற படிக்கிணற்றில்தான் அந்தப் புழு பரவுகிறது, துணியில் வடித்தால் தங்கிவிடும், கொதிக்கவைத்தால் செத்துப்போகும், வயிற்றில் போனால் ஒரு வருஷம் கழித்துத்தான் காலில் வரும் என்று அவர் விளக்கினார். சந்தை ஜனத்துக்கெல்லாம் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்த நீ, அப்போதுதான் மெல்லச் சொன்னாய்.

"படியில எறங்கறப்பவே கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சுங்க. கையால நாலு வாய் அள்ளிக் குடிச்சிட்டேன். அப்புறந்தான் துணி போட்டுக் கொடம் ரொப்பினேன்."

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார். "அன்னிக்கு அந்த ஒரு டின்னு மட்டும் இருந்திருந்தா..."

"நாந்தாங்க மறந்துட்டேன்" என்றாய் நீ. "யாரச் சொல்லி என்னா."

நான் உன் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். சொல்லிவிட வாயைத் திறந்தேன். நீ என்னைப் பார்த்து, "ஏண்டா அழுவுற, அக்காவுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாய். அதற்கு மேல் எப்படிச் சொல்வேன்? அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். நோயாளியை வருத்தக்கூடாதாம். உண்மையில் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். நாலாம் நாள் நீ போய்விட்டாய். செய்த தப்பை அல்ல, செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு போனாய்.

மச்சான் அதற்குப் பிறகு எட்டு டின் ஏற்றுகிறார். மேட்டில் வண்டி நின்று நின்று போகிறது, குறைக்க மாட்டேன் என்கிறார். வழியில் லாரிக்காரன் யாரைப் பார்த்தாலும், "எத்தன டின்னு வெச்சிருக்கீங்க? எங்கூட்டுக்காரி ஒரே ஒரு டின்னு மறந்தாங்க, உசுரே போச்சு" என்று சொல்லாமல் விடுவதில்லை. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். கண் கலங்கித்தான் சொல்கிறார். ஆனால் ஒவ்வொரு தடவையும் நீ மறதிக்காரி ஆகிறாய். உன்னைப் பார்த்தே இராத ஆட்கள் "ஐயோ பாவம், கவனமா இருந்திருக்கலாம்" என்கிறார்கள். போன வாரம் பென்னாகரத்தில் ஒரு டிரைவர், "பொம்பளைங்க கணக்கு அப்பிடித்தாங்க" என்று சிரித்தான். எனக்குக் கை பரபரத்தது. அவனை அடிக்க நான் யார்? அந்தக் கணக்கைக் கெடுத்தவனே நான்தானே.

அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. மச்சான், "ஏம் மாப்ள, ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டு எனக்கு ரசம் வைத்துக் கொடுத்தார். அவர் கையால் சாப்பிடும் ஒவ்வொரு வாயும் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா?

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். உன்னை மறதிக்காரி என்று எத்தனை பேர் கேட்டார்களோ, அத்தனை பேராவது இதைக் கேட்க வேண்டும். ஆனால் மச்சான் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். அவர் இதை அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடாது. அந்தக் கோழைத்தனத்தையும் செய்தேனென்றால் நான் உன் தம்பியே இல்லை.

நாளைக் காலை மறுபடியும் ஏரியூர்ச் சந்தை. நான் ஆறு டின் மட்டும் ரொப்புவேன். துணியை நாலாக மடித்து வடிகட்டி, ஆறுக்கும் சுண்ணாம்புப் பொட்டு வைத்து ஏற்றுவேன். "மீதி ரெண்டு எங்க மாப்ள?" என்று மச்சான் கேட்பார். அப்போது சொல்வேன்: "ஆறு போதுங்க மச்சான். அக்கா கணக்கு தப்பலைங்க. அன்னிக்கும் அக்கா ஆறுதான் ரொப்புச்சு. ஒண்ண எறக்கி வெச்சது நாந்தாங்க." அதற்குப் பிறகு அவர் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டாலும் சரி, ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போனாலும் சரி.

விட்டுவிட்டுப் போனால், அந்த ஆறாவது டின்னை இந்தத் தடவை இறக்காமல் அவர் வண்டியிலேயே வைத்துவிட்டு, நடந்தே போய்விடுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
நீ வைத்த பொட்டைத் தன் விரலால் தேய்த்த,
உன் கூடப் பிறந்தவன்,
சின்னராசு