எனக்காக வாங்கிய லேப்டாப்

மார்ச் 3, செவ்வாய்

ஸ்டுடியோ முதலாளி காலையில் எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்பிவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து ஒலிப்புத்தக வேலை முழுவதும் மேக்கில்தான். புதிதாக வாங்கியிருக்கிற எடிட்டிங் மென்பொருள் விண்டோஸில் ஓடாது. மேக் இருப்பவர்கள் தொடரலாம், இல்லாதவர்கள் வாங்கிக்கொள்ளலாம், முடியாதவர்கள் இந்த மாதத்துக்குள் சொல்லிவிடலாம். அவ்வளவுதான். கடைசியில் கைகூப்புகிற பொம்மை வேறு.

போன் போட்டேன்.

"உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிடுங்கம்மா. கைல இருக்கிற புத்தகத்த வேற ஆள் முடிச்சிடட்டும். இந்த வயசுல போய் புதுசா ஒண்ணு பழகறதுன்னா..."

"எந்த வயசுல சார்?"

என்னைவிட அவர் பெரியவர். தொண்டையைச் செருமினார். பிறகு, "இல்ல, பொதுவா சொன்னேன்" என்றார்.

பொதுவா!

மார்ச் 5, வியாழன்

சாயங்காலம் கடைக்குப் போனோம். 'போனோம்' என்றா எழுதினேன்? நான் போனேன், இவர் கூட வந்தார். கடைக்காரரைப் பொறுத்தவரை இவர் வந்தார், நான் கூடப் போனேன்.

கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய விற்பனையாளர் நேராக இவரிடம் வந்தார். "சார், மேடத்துக்கு என்ன யூஸ்?"

மேடம் அங்கேயேதான் நிற்கிறாள். வாய் இருக்கிறது. நான் பதில் சொல்வதற்குள் இவர், "வீட்டு யூஸ்தாங்க, லைட்டா" என்கிறார்.

லைட்டா! ஒரு புத்தகத்துக்கு வாசகர் மைக் முன்னால் உட்கார்ந்து நாள்கணக்கில் வாய்விட்டுப் படிப்பார். இருமல், தடுமாற்றம், பக்கம் புரட்டுகிற சத்தம், நாற்காலி முனகல், வயிறு உறுமுவதுகூட மைக்கில் விழும். அத்தனையையும் எடுத்துவிட்டு, எடுத்த இடம் தெரியாமல் ஒட்ட வேண்டும். மூச்சை மட்டும் முழுக்க எடுத்துவிடக் கூடாது, எடுத்தால் பொம்மை பேசுகிற மாதிரி ஆகிவிடும். எந்த மூச்சு இருக்கலாம், எந்த மூச்சு போகலாம் என்று காதால் முடிவு செய்கிறவள் நான். லைட்டா.

ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டோம். வண்டியில் வரும்போது, "ஏன் உம்முனு இருக்க?" என்று கேட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

மேக்கில் மெமரியைப் பிற்பாடு கூட்டிக்கொள்ள முடியாதாம். வாங்கும்போதே வேண்டிய அளவு எடுத்துவிட வேண்டுமாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே தேடிப் படித்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

சாப்பிடும்போது இவரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். ஏன் மேக்தான் வேண்டும், ஏன் சின்னது போதாது, ஏன் விசிறியே இல்லாத மாடலாகவோ சத்தம் வராததாகவோ பார்க்கிறேன் என்று. மெஷின் இரைந்தால் எனக்கு வாசகரின் மூச்சு கேட்காது. ஒவ்வொன்றுக்கும் "உம்" என்றார். தட்டைப் பார்த்தே "உம்" என்றார்.

சனிக்கிழமை நானே போய் வாங்கப்போகிறேன்.

மார்ச் 12, வியாழன்

கோபம் கோபமாக வருகிறது. எழுதினால்தான் அடங்கும்.

வேலையிலிருந்து வரும்போதே இவர் கையில் ஒரு பெரிய பெட்டி. முகமெல்லாம் சிரிப்பு. கிடங்கில் தன்னோடு வேலை பார்க்கும் ஸ்டோர்க்காரரைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கினாராம். "சனிக்கிழமை வரைக்கும் எதுக்கு அலையணும்னு நானே முடிச்சிட்டேன். தொடு திரை, தெரியுமா? மடக்கினா பலகை மாதிரி ஆகிடும்."

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். விண்டோஸ்.

"இது மேக் இல்லையே."

"அதுல ஓடறதெல்லாம் இதுலயும் ஓடுமாம். கம்பெனிதான் வேற. அவன் விசாரிச்சுட்டுத்தான் சொன்னான்."

ரெண்டு நாள் முன்னாடி, இதே மேஜை, இதே ஆள்! தொண்டை வறள வறளச் சொன்னேனே! எந்தக் காதில் விழுந்தது? ஸ்டோர்க்காரர் கேண்டீன்ல சொன்னது மட்டும் எப்படி விழுந்தது? அதுவும் நான் இதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த என் சம்பாத்தியத்தை எடுத்துப் போய்!

"பிடிக்கலையா?" என்று கேட்டார். பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதா இங்கே கேள்வி? புடவையா இது?

பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

நாத்தனார் வந்தார். விஷயம் அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

"என் வீட்டுக்காரர் இத்தன வருஷத்துல எனக்கு ஒரு டார்ச் லைட்டு வாங்கித் தந்திருப்பாரா? தம்பி ஆசையா வாங்கிட்டு வந்திருக்கான், நீ மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருக்கியாமே?"

"அண்ணி, இதுல என் வேலை ஓடாது."

"ஓட வச்சுக்க வேண்டியதுதான். கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா."

மென்பொருளோடு எப்படி அனுசரித்துப் போவது என்று கேட்க நினைத்தேன். காபி போடப் போய்விட்டேன். பெட்டியைத் திறந்து காட்டு என்று பின்னாலேயே வந்தார். திறந்தால் கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்றதும், "திருப்பித் தரப்போறியா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நான் என்னவோ குழந்தையைத் திருப்பித் தரப்போகிற மாதிரி.

மார்ச் 14, சனி

கேட்டேவிட்டேன்.

"நான் அந்த ஜன்னலோரத்து மேஜையில உக்காந்து என்ன வேலை பாக்கறேன்? சொல்லுங்க பாப்போம்."

இவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார்.

"ஹெட்போன் மாட்டிக்கிட்டு... கேட்டுக் கேட்டு டைப் பண்ற."

டைப்.

சண்டை போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பொய் சொல்லவில்லை அவர். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருக்கிறார். பக்கத்து அறையில் தூங்குகிற மனிதர். எனக்கு அவருடைய கிடங்கில் எந்தப் பூட்டு சரியாக விழாது, எந்த லாரி டிரைவர் ரசீதில் கையெழுத்துப் போடாமல் ஓடுவார், எல்லாம் தெரியும். கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

"நான் டைப் பண்ணல" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் விளக்கவில்லை. விளக்கவும் மாட்டேன். போதும்.

மார்ச் 16, திங்கள்

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கடைக்குப் போனேன். அதே அடையாள அட்டை.

"சார் வரலையா மேடம்? பில்லு சார் பேர்ல இருக்கு. மாத்தணும்னா சார் வந்து கையெழுத்துப் போடணும்."

"பணம் என்னுது."

"இருக்கலாம் மேடம். பில்லு சார் பேர்ல இருக்கே."

பின்னால் வரிசையில் நின்றவர் உச்சுக் கொட்டினார். பெட்டியோடு திரும்பி வந்தேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. பெட்டியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி, வழி நெடுக என்னென்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். எல்லாமே பிரமாதமான பதில்கள். இறங்கின பிறகு யாருக்கு வேண்டும்?

மார்ச் 17, செவ்வாய்

இவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். கடையில் நடந்ததை ராத்திரி சொன்னேன், வரச் சொல்லிக் கேட்கவில்லை. "கெளம்பு, போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்" என்றார்.

கடையில் மறுபடி, "சார், மாத்தி எந்த மாடல் பாக்கறீங்க?"

இவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். "எனக்குத் தெரியாதுங்க. எதச் சொன்னாலும் தப்பாச் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டுப் போய் வாஷிங் மெஷின்களுக்கு நடுவே இருந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது. இருக்கட்டும்.

நான் என் ஹெட்போனைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்டேன். கடையில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. "அத நிறுத்துங்க" என்றேன்.

"எதுக்கு மேடம்?"

"விசிறிச் சத்தம் கேக்கணும்."

விற்பனையாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் நிறுத்தினார். திடீரென்று கடையே அமைதியாகிவிட, டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் லேப்டாப்பின் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். பார்த்தால் பார்க்கட்டும்.

விசிறி இல்லாத மெலிந்த மாடல் மனசுக்குப் பிடித்தது. ஆனால் மணிக்கணக்கில் வேலை வாங்கினால் சூடாகி மெதுவாகிவிடுமாம். கொஞ்சம் கனமான இன்னொன்றுக்கு விசிறி உண்டு. ஆனால் என் கோப்பு ஒன்றைத் திறந்து அரை மணி நேரம் ஓடவிட்டும் அது வாய் திறக்கவில்லை. அதுதான். மெமரியும் அதிகம் உள்ளதாகவே எடுத்தேன். வெள்ளி நிறம் இருக்கிறது, கறுப்பு நிறம் இருக்கிறது, மேடத்துக்கு எது பிடிக்கும் என்றார். எது இப்போதே கையில் இருக்கிறதோ அது என்றேன்.

"பில்லு யார் பேர்ல மேடம்?"

என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். தேவையே இல்லை. இருந்தாலும் சொன்னேன்.

மார்ச் 19, வியாழன்

இதை வடிவமைத்தவரை நேரில் பார்க்க வேண்டும். மூடுகிற பொத்தான் இடது பக்கம். மூடினாலும் மூடவில்லை, உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. மேலே தள்ளினால் பக்கம் கீழே போகிறது. நகல் எடுக்க என் விரல் கன்ட்ரோலைத் தேடிப் போகிறது, மேக்கில் அதற்கு வேறு பொத்தான். தமிழ் தட்டச்சுக்கு வேறு தனியாகத் தேடல். என் சொந்த வீட்டில் யாரோ வந்து பாத்திரங்களை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. உப்பு டப்பாவில் கை விட்டால் சர்க்கரை.

காலையிலிருந்து நான் வெட்டியது ஒரே ஒரு இருமல். பழைய மெஷினில் அது கண் சிமிட்டும் நேரம்.

மார்ச் 21, சனி

வயசைப் பற்றி முதலாளி சொன்னது சரியோ? — இல்லை. அந்த ஆள் சொன்னது சரியாக இருக்கக் கூடாது.

மார்ச் 24, செவ்வாய்

என் பழைய ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன். கோப்புகள் தெரிகின்றன, திறக்கின்றன. ஆனால் எதையும் அதில் சேமிக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் நான் என்னையே திட்டிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது. விண்டோஸுக்காகத் தயார் செய்த டிஸ்க்கை இது படிக்கும், அதில் எழுதாதாம். என் தப்பு இல்லை. என் தப்பு இல்லாததற்கு நான் ஏன் ஒரு மணி நேரம் என்னைத் திட்டினேன்?

எல்லாவற்றையும் உள்ளே நகல் எடுத்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் ஒரு அத்தியாயம் முடிந்தது. விரல் கன்ட்ரோலுக்குப் போகவில்லை. அதைக் கவனித்ததும் மறுபடி போய்விட்டது!

மார்ச் 29, ஞாயிறு

கடைசி அத்தியாயத்தை அனுப்பிவிட்டேன். கெடுவுக்கு முன்னாலேயே.

கோப்பு ஏறிக்கொண்டிருந்தபோது இவர் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரலாமா என்று தயங்குகிற மாதிரி. சொந்த வீட்டில்!

"கேக்கலாமா?"

ஹெட்போனைக் கொடுத்தேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. முதலில் வெட்டாததைப் போட்டேன். வாசகர் இருமுகிறார், தண்ணீர் குடிக்கிறார், ஒரு வரியைத் தப்பாகப் படித்து "அட, சனியனே" என்று தன்னையே திட்டிக்கொள்கிறார். இவர் சிரித்தார். பிறகு நான் அனுப்பியதைப் போட்டேன். அந்தக் கதையில் ஒருத்தி கணவனின் சட்டையை மடித்து வைத்துக்கொண்டே அழுகிற இடம் அது. அழுகை என்று எழுதியிருக்காது, வாசகரும் அழுது படிக்கவில்லை. ஒரு மூச்சை மட்டும் நான் விட்டுவைத்திருந்தேன்.

இவர் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"அந்த எடத்துல மூச்சு..."

"ஆமா."

"அத நீதான் வச்சியா?"

"வைக்கல. எடுக்காம விட்டேன்."

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். எதிர்பார்த்தேன். எழுந்து போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

கோபம் முழுசாகப் போகவில்லை. ஆனால் இடம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது.

ஏப்ரல் 3, வெள்ளி

அடுத்த புத்தகம் வந்துவிட்டது. பெரியது. முதலாளியிடமிருந்து பாராட்டு ஒன்றுமில்லை. அதே கைகூப்பும் பொம்மை.

ஏப்ரல் 19, ஞாயிறு

லீவு நாளில் முதலாளி போன். புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாளாம், அவளும் விண்டோஸிலிருந்து மாறுகிறாளாம்.

"நீங்க வாங்கின மாடலையே அவங்களுக்கும் சொல்லிடறேன்மா. நீங்கதான் நல்லா விசாரிச்சு வாங்கிருக்கீங்களே."

உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. அந்த ஆளின் வாயிலிருந்து! மாடல் பெயரைச் சொல்ல வாயெடுத்தவள், "அவங்க என்ன வேலை பாக்கப்போறாங்க சார்?" என்று கேட்டேன்.

"அதே வேலைதாம்மா. எடிட்டிங், இல்லன்னா இசை சேக்கறது... ஏதோ ஒண்ணு. சரியாத் தெரியல. எல்லாம் ஒண்ணுதானே?"

நம்பர் வாங்கி நானே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "முதலாளி சொன்னாரு அக்கா, நீங்க சொல்றத அப்படியே வாங்கிக்கறேன்" என்றாள். குரலில் பயம்.

"வாங்கறது இருக்கட்டும்மா. நீ என்ன வேலை பாக்கற, எப்படிப் பாக்கற, அத மொதல்ல சொல்லு."

முதலில் ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தையாகத்தான் சொன்னாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். நிறையப் பேசினாள். நடுவில் எனக்கு மூன்று யோசனை வந்தது. அவள் முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.