மதினி, போஞ்சி எப்போது போடுவது?

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமலே என்னை ஒவ்வொரு சண்டையிலும் ஜெயித்த என் அருமை மதினி பாக்கியத்துக்கு,

பங்குனி வந்தால் நீங்கள் போய் ஒரு வருடம். நினைவு அட்டை அச்சடிக்க இரண்டு வரி எழுதித் தரச் சொன்னார் அண்ணன். "குடும்பக் குத்துவிளக்கே" என்று தொடங்கினேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீங்களா குத்துவிளக்கு? எந்நேரமும் முழங்கை வரைக்கும் மண்ணோடு நின்ற மனுசி. எப்படியோ இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டேன். அட்டையில் அடங்காததை இங்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும், நமக்குள் என்ன ரகசியம்?

நான் இன்னும் பிள்ளைக்காம்பராவில்தான் இருக்கிறேன். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளுக்குச் சோறூட்டி, தூங்கவைத்து, நாலு மணிக்குத் திருப்பிக் கொடுக்கிறேன். ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக அறைகள், நம் லயமும் அப்படியே இருக்கிறது. உங்கள் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் அதே சுவர். அந்தப் பக்கம் சட்டியில் கரண்டி படுகிற சத்தம் மட்டும் இல்லை.

அண்ணனைப் பற்றித்தான் கேட்பீர்கள். சொல்கிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் போன பிறகு அவர் சாப்பிடவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் ஒரு தேத்தண்ணி. பகலில் நான் கொண்டுபோய் வைக்கிற சோற்றில் இரண்டு வாய். தேயிலை ஸ்டோரில் முப்பது வருடம் மூட்டை தூக்கிய தோளா அது? சட்டை கொடியில் காய்வது போலத் தொங்குகிறது. ஒரு நாள் கடையில் போஞ்சி வாங்கி, உங்களைப் போலவே தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்துக் கொடுத்தேன். ஒரு காயை எடுத்து வாயில் வைத்தார். "இது அவ போஞ்சி இல்ல புள்ள" என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

அந்த வார்த்தை எனக்கு எங்கேயோ போய்க் குத்தியது. எத்தனை மாதம் சாப்பிடு சாப்பிடு என்று கெஞ்சினாலும் நடக்காது, லயத்துக்குப் பின்னால் நீங்கள் வைத்திருந்த அந்தப் போஞ்சிக் கொடியைத் திரும்ப ஏற்றினால்தான் இந்த மனுசன் உயிரோடு இருப்பார் என்று தோன்றியது. உங்கள் அடுப்புக்கு மேல் தட்டில் தேடினேன். ஜாம் போத்தல் ஒன்றில் சாம்பலோடு சாம்பலாக உங்கள் கறுப்பு விதை. இரண்டு கை அள்ளினால் தீர்ந்துவிடும், அவ்வளவுதான். வேறு எங்கும் அந்த விதை கிடையாது என்பது எனக்கும் தெரியும். நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்கள் தோட்டத்தை "மகாராணியின் சீமை" என்று நக்கல் பண்ணிய வாய் இது. அதை மூடிக்கொண்டு போத்தலைத் திறந்தேன்.

எப்போது போடுவது? அதுதான் தெரியவில்லை. உங்களிடம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா? கொண்டுவந்து கொடுத்தால் ஆய்ந்து சமைப்பேன், அதோடு சரி. லயத்தில் கேட்டேன். கேட்ட எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்.

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொல்லி வச்சிருக்காங்க? ஆடி பொறக்கட்டும், போடு."

போனில் பார்த்தேன். தலைப்பாகை கட்டிய ஒருவர் மதுரைப் பக்கத்து வெயிலில் நின்றுகொண்டு, நம் போஞ்சியை பீன்ஸ் என்றபடி அதையே சொன்னார். நம் ஆட்கள் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தானே, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். ஆடி முதல் வெள்ளிக்கிழமை, மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, பாதிப் போத்தலை வரிசை வரிசையாக ஊன்றினேன்.

அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நம் நல்லதண்ணி ஊர்ப் பக்கத்து ஆடி மாதம் உங்களுக்குத் தெரியாததா? பதினைந்து நாள் வானம் கண்ணைத் திறக்கவில்லை. கூரைத் தகரத்துக்குக் கல் வைத்தோம். வரிசை வரிசையாகப் பாத்தி கட்டிய இடத்தில் ஓடை ஓடியது. மழை விட்ட அன்று கிளறிப் பார்த்தேன். ஒவ்வொரு விதையும் ஊறி, தோல் கழன்று, தொட்டால் கூழ். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னதும் அதே ஆட்கள்தான். எனக்கு ஒரு பழமொழி மட்டும் காதில் விழுந்து, மற்றது விழவில்லை. கடல் தாண்டி வந்தவர்கள் பழமொழியைக் கொண்டுவந்தார்கள் மதினி, அந்த ஊர் மழையைக் கொண்டுவரவில்லை. இத்தனை தலைமுறை கழிந்தும் அதை அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஊன்றிய அன்று நின்ற அதே பின்கதவில் நின்று, அண்ணன் நான் கிளறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்விட்டார்.

மிச்சப் பாதியையும் தொலைத்தால் அண்ணனையும் தொலைத்த மாதிரிதான் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. போத்தலை என் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் விதைக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானாவிடம் போய், போஞ்சி எப்போது போடலாம் என்று கேட்டேன்.

"எந்தத் தோட்டம் தங்கச்சி?"

சொன்னேன்.

"அப்ப நான் சொல்றது பிழையாப் போகும். நான் நுவரெலியாப் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்றதுதான் இங்க வழக்கம். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மழை, இந்தப் பக்கம் ஒரு மழை. அவங்களுக்குப் பனிதான் பயம், ஒங்களுக்குத் தண்ணிதான் பயம். பெக்கட் நான் விப்பேன், நாள் விக்கமாட்டேன். ஒங்க பக்கத்துலயே மண்ணக் கிண்டுற யாரையாவது கேளுங்க."

விதை விற்கிறவர் விதை விற்காமல் அனுப்பிவிட்டார். நல்ல மனுசன். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் எனக்குக் குசுமாக்கா ஞாபகம் வந்தது. தோட்டத்துக்குக் கீழே ஆற்றோரக் கிராமத்தில் இருக்கிற அந்தச் சிங்கள அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நீங்கள் கூடையோடு இறங்கிப் போய்விடுவீர்கள். "அங்க என்ன ஒங்களுக்குச் சொந்தமா பந்தமா?" என்று நான் எத்தனை தடவை முகத்தைத் தூக்கியிருப்பேன். நீங்கள் சிரித்துக்கொண்டே போவீர்கள். அதற்கும் எனக்குக் கோபம் வரும்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு போத்தலை எடுத்துக்கொண்டு நானும் இறங்கிப் போனேன். குசுமாக்கா வாசலில் கீரை நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என் பின்னால் பார்த்தார், நீங்கள் வருகிறீர்களா என்று.

"பாக்கியம் வரல்லதானே இவ்வளவு நாள். எனக்குக் கோபமா? நான் என்ன செய்தது?"

மதினி, அவருக்குத் தெரியாது. நீங்கள் போனதை நாம் யாருமே போய்ச் சொல்லவில்லை. சங்கு ஊதியதும் பாடை தூக்கியதும் எல்லாம் லயத்தோடு முடிந்துவிட்டது. அரை மணி நேர நடைதான், ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை. அந்த அம்மா எட்டு மாதமாக உங்களுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் எனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் அழுதோம். அழுவதற்கு அந்த அரைச் சிங்களம் போதுமாக இருந்தது.

பிறகு தேத்தண்ணி தந்தார். விதையைப் பார்த்ததும், அது தன் வீட்டு விதைதான், நீங்கள் மிளகாய் நாற்று கொடுத்து மாற்றி வாங்கியது, இப்போது தன்னிடமே அது இல்லை என்றார். எப்போது போடுவது என்றேன். "சீசன் கடைக்காரர் தகரம் ஏத்தும்தானே? அப்போ" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. சிவனொளிபாத மலைக்கு யாத்திரை ஆட்கள் வரத் தொடங்குவதற்கு முன், நல்லதண்ணியில் கடை போடுகிறவர்கள் லொறியில் தகரமும் கம்பும் கொண்டுவருவார்கள். பெருமழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் மட்டும் மிஞ்சுகிற நாட்கள் அவை. நம் நாட்காட்டியில் இல்லாத நாளை அந்த அம்மா லொறியைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

பெரிய ஆள் மாதிரி வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். "தகரம் ஏத்துற வாரம் போடணுமாம்ணே. குசுமாக்கா சொன்னாங்க."

அவர் நிமிரவில்லை.

"லொறி முன்னப் பின்ன வரும். அத நம்பக் கூடாது. கடைசி இடிமழை நின்னு, மூணு வெயில் பாத்துட்டுத்தான் அவ போடுவா. குழிக்கு ரெண்டு வெத. முந்துன நாளே கம்பு நட்டுறணும், பெறகு நட்டா வேர் அறுந்துரும்."

நான் போத்தலைக் கீழே வைத்தேன்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"இருவத்தஞ்சு வருசமா கம்பு நட்டது யாரு?"

யோசித்துப் பாருங்கள் மதினி. மதுரையைக் கேட்டேன், ஹட்டனைக் கேட்டேன், ஆற்றங்கரையைக் கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மனுசனைக் கேட்கவில்லை. ஆம்பிளைக்கு என்ன தெரியும், நோயாளிக்கு என்ன தெரியும் என்று சோற்றை மட்டும் வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"அப்ப ஆடியில நான் போடும்போது பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க? ஏன் ஒரு வார்த்த சொல்லல? பாதி வெத அழுகிப் போச்சேண்ணே!"

"நீ கேக்கல."

"கேக்காட்டி என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சொல்லியிருந்தா மொளச்சிருக்கும் லெட்சுமி. மொளச்சா, அவ இல்லாமலும் மொளைக்குதுன்னு ஆயிரும்ல."

நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பிறகு, "மிச்சம் ஒரு கைதான் இருக்கு. ஒங்களுக்கு வேணாம்னா குசுமாக்காக்கிட்டக் கொடுத்துர்றேன்" என்றேன். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, உண்மையாகவேதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை இடி இடித்து மழை கொட்டியது. ஒரு வெயில் அடித்தது. இரண்டாவது, மூன்றாவது வெயிலும் அடித்தது. அன்று பின்னேரம் பிள்ளைக்காம்பராவிலிருந்து வந்து பார்த்தால், லயத்துக்குப் பின்னால் கம்புகள் வரிசையாக நிற்கின்றன. அண்ணன் கடைசிக் கம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். மறுநாள் இரண்டு பேரும் போட்டோம். குழி அவர் போட்டார், விதை நான் போட்டேன். அவர் எண்ணிக்கொண்டே வந்தார், ஒரு குழியில் நான் மூன்று போட்டுவிட்டேன் என்று ஒரு திட்டும் திட்டினார். அந்தத் திட்டைக் கேட்க எத்தனை மாதம் ஆனது தெரியுமா?

இப்போது மாசி. கொடி என் தலைக்கு மேல் ஏறிவிட்டது. போன வாரம் முதல் பறிப்பு. அடியில் தொங்கிய நீளக் காய்களை அண்ணன் தொடவிடவில்லை, "அது வெதைக்கு" என்று கையைத் தட்டிவிட்டார். மீதியைச் சமைத்தேன். உங்கள் கைப்பக்குவம் எனக்கு வராது, உப்பும் கொஞ்சம் கூடிவிட்டது. தட்டைத் தள்ளவில்லை. சாப்பிடும்போது கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவும் இல்லை. முடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் சோறு இருக்கா?" என்றார். நான் குசினிக்குள் போய் நின்று அழுதுவிட்டுத்தான் சோற்றைக் கொண்டுவந்தேன்.

அவர் சொன்னது சரிதான் மதினி. நீங்கள் இல்லாமலும் முளைக்கிறது. அது எனக்கும் வலிக்கிறது. அதை உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை. நீங்கள் கோபித்துக்கொள்ளமாட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஒரு சத்தியம் செய்கிறேன். எப்போது போடுவது என்று இனி எனக்குத் தெரியும். கடைசி இடிமழை, மூன்று வெயில். சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனாலும் ஒவ்வொரு கார்த்திகையும் நடுச்சுவரைத் தட்டி, ஒன்றும் தெரியாதவளைப் போல, "அண்ணே, மதினி போஞ்சிய எப்பப் போடலாம்?" என்று கேட்பேன். அவர் சொல்லாமல் ஒரு விதையும் மண்ணில் விழாது. சொல்வதற்காகவாவது அவர் இருக்க வேண்டும்.

உங்களோடு சண்டை போடவும் இப்போது ஆளில்லாமல் நிற்கிற,
உங்கள் நாத்தனார்
லெட்சுமி